அசகாய சூரி

அசகாய சூரன் என்றால் யாராலும் ஜெயிக்க முடியாதவன். எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுப்பார்கள். சடுகுடுவில் ஜெயித்தவனும் அசகாய சூரன், பந்தியில் எழுந்திருக்காமல் சாப்பிட்டவனும் அசகாய சூரன். பெண்களை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, என் அத்தை பஸ்ஸை நிறுத்தும் வரை.

மாமா இறந்த பிறகு அத்தை பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் வாங்கி, பஸ் ஏறி, கவரைப்பேட்டைப் பக்கத்து நெல் விளையும் ஊர்களில் விற்றுவந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாததால் நானும் கூடவே போவேன். நிறைந்த கூடையைத் தலையில் ஏற்ற இரண்டாவது ஆள் வேண்டும். எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் கை கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். பகையாளிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிவிடுவான்.

அன்று பஸ்ஸில் புதுக் கண்டக்டர்.

"இன்னாம்மா இது, ஒரே கவிச்சி! ஏத்த முடியாது, எடு கூடைய."

"கொழம்புல போட்டா மட்டும் மல்லிப்பூவா மணக்குதா நைனா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த பஸ் மத்தியானம்தான். அதுவரை வெயிலில் மீன் தாங்காது. அத்தை சண்டை போடவில்லை. கூடையை இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸுக்கு நேர் முன்னால் வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ தாராளமா போ நைனா. கூடை கனமா கீது. தூக்கிவிட ஆள் வந்தா நவுந்துடறேன்."

கண்டக்டரே நகர்த்த வந்தார். மீன் தண்ணீர் காக்கிச் சட்டையில் வழிந்ததும் விட்டுவிட்டார். நேரமாகிறதென்று பயணிகள் கத்தினார்கள். அவர்களில் பலர் அத்தையிடம் மீன் வாங்குகிறவர்கள். இரண்டு பேர் இறங்கிக் கூடையைத் தூக்கினார்கள், அத்தையின் தலைக்கு அல்ல, நேராக பஸ் கூரைக்கு.

"நீ அசகாய சூரன்மா!" என்று கண்டக்டர் கும்பிட்டார்.

கூட வந்தவர்கள் முன்னே போய்ச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஊருக்குள் நுழையும்போதே, "அசகாய சூரி வந்துட்டாடி!" என்று பெண்கள் கூடினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கொஞ்சம் விற்றதும் அடுத்த தெருவுக்குப் போக அத்தை கை கேட்டாள்.

"யம்மா, ஒரு கை குடு."

"இன்னாத்துக்கு? பஸ்ஸையே நிறுத்தினவளுக்கு ஆள் வேணுமா?" என்றாள் பண்ணை வீட்டம்மா. எல்லோரும் சிரித்தார்கள், பிரியமாகத்தான். எனக்கோ கை எட்டாது. அத்தையும் சிரித்தபடி மண்டிபோட்டாள். கூடையைத் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு. எழும்போது கால் நடுங்கியது. எழுந்துவிட்டாள். கைதட்டினார்கள், எல்லோரையும்விட நான் பலமாகத் தட்டினேன்.

அதன் பிறகு எந்தத் தெருவிலும் கை கொடுக்க யாரும் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"அத்தே, இனிமே உனக்கு யாரும் வாணாமில்ல?"

"இன்னாத்துக்குடி வாணும்? அதான் பேரு வெச்சிட்டாங்களே."

அடுத்த வாரம் அத்தை சின்னதாக ஒரு கூடை வாங்கினாள். அசகாய சூரிக்கு இத்தனூண்டு கூடையா என்று கேட்டவர்களிடம், "ஏரில மீன் கம்மியாப் பூட்ச்சி" என்றாள். அதை நம்பி, கரையில் நின்று தினமும் படகுகளைப் பார்த்தேன். எல்லாம் நிறைந்துதான் வந்துகொண்டிருந்தன. அது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.