லிட்டருக்கு இருபத்துநாலு

எங்கள் பள்ளியில் வேன் ஓட்டுகிற அக்காவின் உண்மைப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பஞ்சக்கா. பெயர் வைத்தவன் நான். அங்கே வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒருமுறை ஆய்வகத்துக்கு வாங்கிய இரண்டு டஜன் கண்ணாடிக் குழாய்களை அவர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் வெறும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் பள்ளம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து பிரித்துப் பார்த்தால் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. "கால் இல்லக்கா அது, பஞ்சு" என்றேன். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு பிரேக் என்றாலே ஆகாது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக வேகம் குறைந்து விளக்கடிக்குப் போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும். "பிரேக் போடறது, போட்ட பெட்ரோலைச் சாக்கடையில ஊத்தற மாதிரி சார்" என்பார். பள்ளியில் ஐந்து வேன்கள். ஐந்தும் ஒரே வகை, ஒரே வருஷத்தில் வாங்கியவை. அக்காவின் வேன் மட்டும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் அதிகம் ஓடும். மற்ற ஓட்டுநர்கள் வேனை மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அக்கா எந்த வேனில் ஏறினாலும் அந்த இரண்டு கிலோமீட்டரும் கூடவே ஏறிக்கொண்டது.

அவருக்கு இருந்த கர்வம் அது ஒன்றுதான். இருந்த சொந்தம், தம்பி ஒருத்தன்தான். அம்மா போகும்போது தம்பிக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ரொட்டித் தொழிற்சாலையின் சரக்கு வேன் ஓட்டித்தான் அவனைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும், "இவன் காலேஜ் முடிக்கட்டும்" என்றார். முடித்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "என் தம்பி டை கட்டிட்டு வேலைக்குப் போறான் சார்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தம்பி ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தான். அந்த வருஷம் புதிதாக ஒரு எஸ்யூவி வந்திருந்தது. ரொம்பப் பெரியதுமில்லை, சிறியதுமில்லை, ஒரு குடும்பம் தாராளமாக உட்காரலாம். பார்க்க லட்சணமான வண்டி. ஷோரூமுக்கு வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், கதவைத் திறந்து மூடுவார்கள், கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" விளம்பரத்தாளில் அச்சடித்திருந்த எண்ணைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி நகரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, நாளைக்குக் காலையில ஒரு வண்டி ஓட்டிக் காட்டணும். ஒரே ஒரு லிட்டர். எவ்வளவு தூரம் போகுதுன்னு எல்லாரும் பார்க்கப் போறாங்க."

"உங்க ஷோரூம்ல டிரைவரே இல்லையாடா?"

"இருக்காங்க. உன் கால் யாருக்கு இருக்கு?"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். புறவழிச் சாலையில் ஈ காக்கை இல்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டி, அதில் பெட்ரோல் ஊற்றி, குழாயை அதிலிருந்து கொடுத்திருந்தார்கள். டப்பாவின் மேல் சிவப்பு ஸ்டிக்கரில் 'ஒரு லிட்டர்' என்று கோடு. பின்னால் ஸ்டெப்னி இல்லாததை அக்கா கவனித்தார். பஞ்சர் பார்க்கப் போயிருக்கிறது என்றான் தம்பி. ஏசியைப் போடவில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், முள் ஆடாமல், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு நடப்பதைப் போல ஓட்டினார். வண்டி இருமி நின்றபோது இருபத்துநாலு புள்ளி ஆறு கிலோமீட்டர் காட்டியது. பின்னால் வந்த காரிலிருந்து இறங்கிக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் ஷோரூமில் ஒரு சின்ன விழா. மேலாளர் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி, அந்த டப்பாவையே ரிப்பன் கட்டி நினைவுப் பரிசாகக் கொடுத்தார். அப்போது தம்பியின் முகம் ஒரு மாதிரி ஆனது என்று அக்கா பிற்பாடு சொன்னார். அன்றைக்கு அதை ஆனந்தம் என்று நினைத்தாராம். ஷோரூம் வாசலில் ஆளுயரத்துக்குப் பலகை வைத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்கா சிரிக்கிறார். கீழே, 'லிட்டருக்கு 24.6. இவர் ஓட்டினார். நீங்களும் ஓட்டலாம்.'

பலகையைப் பார்த்து எத்தனை பேர் வாங்கினார்களோ தெரியாது. அக்காவைத் தெரிந்ததால் வாங்கியவர்கள் எட்டுப் பேர். பிள்ளைகளின் பெற்றோர்கள், பள்ளிக்கு எதிரே எழுதுபொருள் கடை வைத்திருப்பவர், எங்கள் தலைமை ஆசிரியை. எனக்கும் ஆசைதான். மனைவி, "முதல்ல வீட்டு மேல்தளம் ஒழுகறதைப் பாருங்க" என்றதால் தப்பித்தேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் தலைமை ஆசிரியை வேன் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"பஞ்சக்கா, உங்க இருபத்துநாலு எங்க போச்சு? எனக்குப் பத்தைத் தாண்ட மாட்டேங்குது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கறீங்க. நான் தொடறேன்."

"அப்போ என் கால்தான் சரியில்லையா?"

"வண்டியை ஒரு வாரம் என்கிட்ட குடுங்க. காட்டறேன்."

சவால் விட்டுத்தான் வாங்கினார். பெட்ரோல் பங்கில் டேங்க் முழுக்க நிரப்பிக்கொண்டு, தலைமை ஆசிரியையை வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து கடைத்தெருவுக்கும் அவரே கூட்டிப் போய் வந்தார். வெயிலுக்கு ஏசி. சந்தைத் திருப்பத்தில் ஊர்கிற கூட்டம். பின்சீட்டில் தலைமை ஆசிரியையின் இரண்டு பேரன்கள், டிக்கியில் அவர்களுடைய சைக்கிள். வாரக் கடைசியில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டார். பதினொன்று புள்ளி இரண்டு.

ஊருக்குள் குறையும் என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல. நின்று நின்று போனால், ஏசியும் ஓடினால், எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும். ஆனால் பாதிக்கும் கீழே போகாது. ஞாயிற்றுக்கிழமை அதே விடியற்காலை, அதே புறவழிச் சாலைக்குத் தலைமை ஆசிரியையின் காரைக் கொண்டு போனார். டேங்க்கை நிரப்பி, ஏசி இல்லாமல், தனியாக, அதே ஐம்பதில் நூறு கிலோமீட்டர் ஓட்டினார். வந்து நிரப்பிப் பார்த்தால் பதினேழரைதான்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரிப்பன்கூட அவிழ்க்கவில்லை.

"சார், இதுல கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி அளந்து சொல்லுங்க."

"ஏன்க்கா, ஒரு லிட்டர்னுதான் எழுதியிருக்கே."

"நீங்க அளங்க சார்."

சிவப்புக் கோடு வரை தண்ணீர் நிரப்பி, அரை லிட்டர் அளவு ஜாடியில் ஊற்றினேன். ஒருமுறை நிறைந்தது. கொட்டிவிட்டு இரண்டாம் முறை ஊற்றினேன், நிறைந்தது. அதோடு டப்பா காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மிச்சத்தை ஊற்றினால் முந்நூற்று அறுபத்தைந்து மில்லி. எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று முதலிலிருந்து அளந்தேன். அதேதான்.

அக்கா நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டினார். இழுத்தார். அடியில், இரண்டு விரல் கீழே, டப்பா செய்தவன் அச்சிலேயே போட்டிருந்த கோடு தெரிந்தது. பக்கத்தில் 'ஒரு லிட்டர்' என்று குட்டி எழுத்தில் இருந்தது.

கரும்பலகையில் இருபத்துநாலு புள்ளி ஆறை வகுத்தேன். பதினெட்டு வந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க மனத்துக்குள் வகுத்துப் பார்த்திருப்பார்.

"அந்த மேனேஜர் வேலையாத்தான் இருக்கும் சார்" என்றார். "தம்பி பாவம், அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. அவன் பேரும் இதுல கெட்டுடும். நீங்க கூட வாங்க. இந்தக் கணக்கை எனக்குச் சரியாச் சொல்ல வராது."

சாயங்காலம் இருவரும் அவர் வேனிலேயே ஷோரூமுக்குப் போனோம். வாசலில் அக்காவின் பலகை எங்களைப் பார்த்துச் சிரித்தது. தம்பி ஓடி வந்தான். அக்கா கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. வாடிக்கையாளர்களை உட்கார வைக்கிற கண்ணாடி அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினான்.

நான் கணக்கைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"இந்த ஸ்டிக்கரை யாருடா ஒட்டினது?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. மேனேஜர் என்று அவன் சொல்லிவிட வேண்டுமே என்கிற தவிப்புத்தான் எனக்குக் கேட்டது.

அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தான். "நான்தான்க்கா."

"நீயேவா?"

"எல்லா ஷோரூம்லயும் ஏதாவது ஒண்ணு பண்ணத்தான் செய்யறாங்க. ஒருத்தன் டயர்ல காத்தை ஏத்தறான், ஒருத்தன் இறக்கத்துல ஓட்டறான். யாரும் செத்துப் போயிடலையே. கொஞ்சம் கூட்டிச் சொன்னோம், அவ்வளவுதான். டார்கெட் முடிக்கலைன்னா என்னை வெளிய அனுப்பியிருப்பாங்க."

"உண்மையான லிட்டர்லயே பதினெட்டு ஓட்டியிருக்கேனேடா. அது போதாதா?"

"பதினெட்டு சொன்னா யாருக்கா திரும்பிப் பார்ப்பா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஓட்டியிருப்பியா?" என்றான் அவன். பிறகு, அதை அவரைப் பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டு, "வேற யார் ஓட்டினாலும் சந்தேகப்படுவாங்க. நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றான்.

அக்கா எழுந்துவிட்டார். அவனை அடிப்பார் என்று நினைத்தேன். அவன் கழுத்தில் கோணலாகத் தொங்கிய டையை ஒரு கணம் பார்த்தார், அவ்வளவுதான். "அப்போ என் காலுக்காக நீ கூப்பிடல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். திரும்பி வரும் வழியில் முதன்முறையாக அவர் பிரேக்கை அழுத்திப் போட்டதைப் பார்த்தேன். மூன்று தடவை.

மறுநாள் தொடங்கி எட்டு வீடுகளுக்கும் போனார். வேன் வேலை முடிந்து, குளித்து, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போவார். வாசலிலேயே நின்று, "நான் ஓட்டினது ஒரு லிட்டர் இல்லைங்க, ஒண்ணேகால் லிட்டருக்கும் மேல. எனக்கும் அப்போ தெரியாது. ஊருக்குள்ள பதினொண்ணு, வெளியில பதினேழு. அதுதான் நிஜம்" என்று ஒப்பிப்பதைப் போலச் சொல்வார். எழுதுபொருள் கடைக்காரர், "உன்னை நம்பித்தானேம்மா வாங்கினேன்" என்று கத்தினார். அக்கா முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டில், அவரும் தம்பியும் சேர்ந்து கமிஷன் அடித்ததாக முகத்துக்கு நேரே சொன்னார்கள். தலைமை ஆசிரியையிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: "உங்க காலைக் குறை சொன்னேன் மேடம். மன்னிச்சுடுங்க." தலைமை ஆசிரியை அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அந்த எட்டு வீட்டில் அக்கா உட்கார்ந்தது அங்கே மட்டும்தான்.

பலகையை எடுக்கச் சொல்லி மேலாளருக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். டப்பாவின் அளவையும் எழுதினேன். பதில் வரவில்லை, ஆனால் பத்து நாளில் பலகை போய்விட்டது. தம்பியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த வண்டி நன்றாக விற்றதால் வேறு கிளைக்கு உதவி மேலாளராக மாற்றினார்கள்.

பள்ளியில் கொஞ்ச காலம் பேச்சு இருந்தது. "அக்கா, உங்க வேன்ல எத்தனை லிட்டர் ஒரு லிட்டர்?" என்று சக ஓட்டுநர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முன்பென்றால் அக்கா பதிலுக்கு ஒன்று போட்டிருப்பார். இப்போது சாவியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருடைய வேன் இன்றும் இரண்டு கிலோமீட்டர் அதிகம்தான் ஓடுகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை.

தம்பி மாதம் ஒருமுறை பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறான். அக்கா சமைத்துப் போடுகிறார், குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறார். உறவு அறுந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றியது. போன மாதம் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வரும்போது, "எல்லாம் சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"சாப்பிடறான், போறான். நல்லாத்தான் பேசிக்கறோம்" என்றார். வேன் ஒரு திருப்பத்தில் மெதுவாக வளைந்தது. "ஆனா சார், அவன் வெளிய மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட, நான் ஜன்னலைத் திறந்து பார்க்கறேன்."