கல்லுக் கத்தி தேடும் உத்தியோகம்

கல் பொறுக்குவதும் சம்பளம் உள்ள வேலைதான் என்று சொந்தக்காரரை நம்பவைப்பதிலேயே எங்கள் தொழிலில் பாதி ஆயுள் போய்விடும். என்ன வேலை என்று கேட்டவர்கள், பதிலைக் கேட்டபின் "அது சரி, வேற என்ன செய்யிறீங்கள்?" என்று உங்களையும் கேட்டிருந்தால், கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருங்கள்.

நான் தோட்டவெளி ஊர்க்காரி. தொல்லியல் ஆய்வுக் குழு ஒன்றில் கள உதவியாளர். இரும்பு என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் மன்னார்ப் பக்கம் திரிந்த மனிதர்கள், வெள்ளைப் படிகக் கல்லை உடைத்து, நகத்தளவு சில்லுகளாக்கி, தடியில் பிசின் வைத்து ஒட்டிக் கத்தியும் அம்பும் செய்தார்கள். அந்தச் சில்லுகளைத் தேடி வெயிலில் குனிந்து நடப்பதுதான் என் உத்தியோகம்.

சிவப்புக் கொடி

பாப்பாமோட்டையில் வயலோரத்து மேட்டு நிலம் ஒன்றில் தேடினோம். சில்லு கிடக்கும் இடத்திலெல்லாம் கம்பியில் கட்டிய சின்னச் சிவப்புக் கொடி குத்துவது வழக்கம். குத்திவிட்டு மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, காணிக்காரர் சண்முகம் ஐயா எள்ளு விதைக்க உழவு மெசினோடு வந்து சேர்ந்தார். வந்தவர் கொடிகளைக் கண்டதும் மெசினை நிற்பாட்டி, இரண்டு காலையும் தூக்கி ஆசனத்தில் வைத்துக்கொண்டார். விளக்கம் சொல்லலாம் என்று நான் கொடிகளுக்கு நடுவால் ஓடினேன். "பிள்ளை, அசையாதை! அதிலயே நில்!" என்று அவர் கத்திய கத்தலில் நான் தூக்கிய காலோடு நின்றுவிட்டேன்.

சிவப்பு அடையாளம் நட்டு மிதிவெடி அகற்றுகிறவர்கள் போன பிறகுதான் அந்தக் காணி அவர் கைக்குத் திரும்பி வந்திருந்தது. அது எனக்குத் தெரியும். கொடி குத்தும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சில்லைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, இது பழைய காலத்துக் கத்தி, வெடிக்காது என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால்கள் மெல்லக் கீழே இறங்கின. "வெடிக்காதெண்டால் எத்தினை கொடியெண்டாலும் குத்துங்கோ, பிள்ளை. ஆனால் பச்சையில குத்துங்கோ. சிவப்பைக் கண்டால் எனக்கு இப்பவும் கால் கூசுது."

ஊசி

பழைய ஆட்கள் கல்லை எப்படி உடைத்தார்கள் என்று அறிய வேண்டுமானால் நாமும் உடைத்துப் பார்க்க வேண்டும். பலம் முக்கியமில்லை, சாய்வுதான் முக்கியம். விளிம்பில் சரியான சாய்வில் தட்டினால் சில்லு சவர அலகு போலக் கழலும். சரியாகத் தட்டினேன். சரியாகக் கழன்றது. உள்ளங்கையும் சரியாகப் பிளந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி "என்னால வெட்டினது?" என்றார். "கல்லால" என்றேன். அவர் முகம் மாறியது. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, என் தோளில் கைவைத்து, "வீட்டில பிரச்சினையோ? ஆர் எறிஞ்சது? பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்று இரகசியமாகக் கேட்டார். எனக்குக் கலியாணமே ஆகவில்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில் பையிலிருந்த சில்லை எடுத்துக் கொடுத்தேன். கட்டுத் துணியின் நுனியில் அதை வைத்து இழுத்துப் பார்த்தார், துணி இரண்டானது. ஊசியைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "கத்தி கண்டுபிடிச்ச பிறகும் கல்லால கை வெட்டிக்கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான், மிஸ்."

படலையடியில்

கழுவிக் காயவைப்பதற்கு ஒரு பை கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் பை வெறுமையாக உடுப்புக் காயப்போடும் கொடியில் தொங்குகிறது. இரவு மழையில் வாசல் படலையடியில் தேங்கிய தண்ணீருக்குள் அம்மா முழுவதையும் கொட்டி நிரவிவிட்டா. வாசலில் நின்ற மீன்காரரிடம் மீன் வாங்க வந்த சனம் அதை நன்றாக மிதித்தும் விட்டது. அன்று பகல் குழுத் தலைவர் வந்து அந்தக் கற்களைப் பார்ப்பதாக இருந்தது. ஒரே இடத்தில் எடுத்த கற்கள் என்பதால், எங்கிருந்து வந்தவை என்ற குழப்பம் இல்லை; எங்கே போயின என்பதுதான் குழப்பம்.

நான் அழுதுகொண்டே சேற்றைக் கிளற, அம்மா மண் அரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினா. ஒவ்வொன்றாய் எடுத்து நீட்டினா. ஓட்டுத்துண்டு, சிப்பி, சல்லிக்கல், நடுவில் ஒரு உண்மையான சில்லு. பெரும்பாலானவை அகப்பட்டுவிட்டன. எங்கள் துறைப் பெரியவர்கள் கூட்டம் போட்டு மல்லுக்கட்டும் கேள்வியை அம்மா சேற்றுக் கையோடு கேட்டா: "எல்லாம் உடைஞ்சுதானே கிடக்கு; ஆள் உடைச்சது எது, தானாய் உடைஞ்சது எது எண்டு எனக்கு எப்பிடியடி தெரியும்?"

இடக்கை

முசலிப் பக்கம் சிவப்பு மண் மேடு ஒன்றில் குழி வெட்ட அனுமதி கிடைத்திருந்தது. போய் இறங்கினால், எங்களுக்கு முன்பே மண் வாருகிற பெக்கோ ஒன்று அங்கே நின்று றோட்டு வேலைக்குக் கிரவல் மண் அள்ளி டிப்பரில் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அனுமதி பக்கத்துக் காணியில்தான். எல்லை தெரியாமல் எங்கள் மேட்டில் பாதியைத் தின்றுவிட்டார்கள். தலைவர் அனுமதி தந்த கந்தோருக்கு அழைத்துப் பார்த்தார், ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, ஓடிப்போய் பெக்கோவின் வாளிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

பெக்கோ ஓட்டிய பாயிஸ் நானா கோபத்தோடு இறங்கி வந்தார். "விலகுங்கோ தங்கச்சி, டிப்பர் நிக்குது." நான் காலடியில் புரண்டு கிடந்த ஒரு உருண்டைக் கல்லை எடுத்து நீட்டினேன். அதன் ஒரு முனை தட்டித் தட்டித் தேய்ந்திருந்தது. இது கத்தியில்லை, கத்தி செய்கிற சுத்தியல், இதைப் பிடித்திருந்தவர் இந்த இடத்தில்தான் இருந்து வேலை செய்திருக்க வேண்டும் என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் வலக்கையில் வைத்துப் பார்த்தார். இடக்கைக்கு மாற்றினார். காற்றில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு ஏறிப்போய், வாளியை மறுபக்கம் திருப்பி அள்ளத் தொடங்கினார். முதலாளிக்கு, இந்தப் பக்கத்து மண் சரியில்லை என்று போனில் சொன்னதும் கேட்டது. பின்னேரம் கந்தோர் ஆட்கள் வந்து எல்லை போட்டபோது எங்கள் மேட்டில் பாதி தப்பியிருந்தது. ஏன் திருப்பினீர்கள் நானா என்று கேட்டேன். "அது இடக்கைக்காரன்ட கல்லு, தங்கச்சி. வலக்கையில வைச்சா வழுக்குது. இடக்கையால சாப்பிட்டதுக்கு என்னை சின்னனில அடிச்சவங்க. அவனுக்கு ஆர் அடிச்சாங்களோ!"

மனிதன் முதல் கல்லை உடைத்த நாளிலிருந்து அவன் வேலை சுலபமாகிக்கொண்டே வருகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்தச் செய்தி எங்கள் முதுகெலும்புக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.