செம்பியின் பொய்ச் சினை

தென்காசியில் நான் சந்தித்த அந்தக் கால்நடை மருத்துவர் மூக்கால் வைத்தியம் பார்ப்பவர். ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாயின் வாலைத் தூக்கி முகர்ந்த பிறகுதான் பேசவே தொடங்குவார்.

எங்கள் பெண் நாய் செம்பி பருவத்துக்கு வந்துபோய் இரண்டு மாதம் இருக்கும். ஆண் நாய் எதுவும் அண்டவில்லை. அதற்கான காவல் விதிகளை வகுத்தவன் நான். ஆனாலும் அதற்குப் பால் சுரந்தது. சோற்றைத் தொடாமல், நான் அருவிக்குக் கொண்டுபோகும் துண்டைக் குட்டிபோல் அணைத்துக்கொண்டு உறுமியது. கருப்பையில் சீழ் பிடித்தால் பிழைப்பது கடினம் என்று படித்திருந்ததால், எனக்கும் சோறு இறங்கவில்லை.

அவர் முகர்ந்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி ரொம்பக் குடிக்குதா?"

"இல்லை."

"அப்ப பயப்படாதிய அண்ணாச்சி. சீழ் இல்ல, வெறும் பொய்ச் சினை, வயித்துல குட்டி இல்லாமலே பால் ஊறுது. பால் தானா வத்தணுமே, யாரும் பீய்ச்சுதியளோ?"

"நான்தான் சார், வெந்நி ஒத்தடம் குடுத்துப் பீய்ச்சுதேன்," என்றாள் என் மனைவி. "ஒரு வேளைகூடத் தப்பக்கூடாதுன்னு இவுக சொன்னாவ."

"பீய்ச்சப் பீய்ச்ச ஊறத்தானம்மா செய்யும்! இது என்ன பசுவா?"

பிறகு செம்பியிடம் குனிந்தார். "ஏட்டி, உனக்கு ஒரு நோயும் இல்ல. வாச்ச ஆளுதான் சரியில்ல."

அதிகாரியாகப் பணியில் இருந்த காலத்தில் என்னை அப்படிச் சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்று கைகூப்பினேன். அவர் செம்பியின் காதைச் சொறிந்துகொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.