தோட்டப் பள்ளியில் ஓர் ஆஸ்திரேலிய விலங்கு

சென்ற மாதம் கோல சிலாங்கூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் போய் வந்தேன். காலமான என் கணவர் அங்கே அறிவியல் ஆசிரியராக இருந்தவர். ஆண்டிறுதியில் பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. அலமாரியில் அவர் விட்டுப்போன ஜாடி அங்கே சரியான பெயரோடு போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஜாடியில் ஸ்பிரிட்டில் கிடப்பது சுண்டெலி அளவு விலங்கு. எலி அல்ல. கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்ப்பது. பூச்சிகளை வேட்டையாடித் தின்பது. டன்னார்ட் என்பார்கள். பெர்த்தில் படித்த காலத்தில் ஆய்வுக் குழு ஒன்றோடு போய் அவர் பிடித்தது. அன்று அவ்வகைக்கு ஒரே பெயர். பின்னால் அதைப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாக அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு விலங்கைப் பாதுகாக்கிறார்கள். அதுதான் மூலமாதிரி, சந்தேகம் வந்தால் அதனோடு ஒப்பிட வேண்டும். பெர்த் அருங்காட்சியகத்தின் ஆய்வாளப் பெண்மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பிடித்த இடம் எது? அது தெரியாமல் எதனோடு ஒப்பிடுவது என்று சொல்ல இயலாதாம். ஜாடியில் ஒட்டிய தாளில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

காலை எட்டு மணிக்குக் கிள்ளானிலிருந்து வாடகைக் கார். ஒரு மணி நேரப் பயணம், கட்டணம் எழுபது வெள்ளி. எதற்குப் போகிறேன் என்று ஓட்டுநர் முருகன் கேட்டார். சொன்னேன்.

“செத்த எலிய பாக்க எழுபது வெள்ளியா, ஆன்டி?”

“எலி இல்லை என்றேனே.”

“சரிலா, எலி மாதிரி.”

ஆற்றுப் பாலத்துக்கு முன்பே உள்ளே திரும்பினால் இருபுறமும் செம்பனை மரங்கள். செம்மண் சாலை குண்டும் குழியுமாக இருக்கும். முதுகுவலிக்காரர்கள் தலையணை கொண்டு போகவும்.

ஆசிரியை கஸ்தூரி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். பளபளவென்றிருந்தது. முன்புறம் பிளாஸ்டிக் உறையிட்ட புது அட்டை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் என் கணவர் பெயர். பழைய தாளைக் காணோம்.

“தண்ணியில ஊறவச்சு சுரண்டிட்டேம்மா. ஒரே கறை. நீங்கதான போன்ல, தூசு தும்பு இருந்தா எனக்கு ஆகாதுன்னு சொன்னீங்க?”

சொன்னேன்தான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்குத் தூசி, பாவத்துக்கு அடுத்தபடி. குப்பை லோரி முந்தின நாளே வந்து போய்விட்டது. அவர் மரியாதைக்குச் செய்த வேலையை எப்படிக் கடிந்துகொள்வது? இடம் போய்விட்டது, இனி அது பெயரில்லாத ஒரு செத்த பிராணி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்தூரி கலங்கிப்போனார். “உள்ள, கால்ல ஏதோ கட்டியிருக்கும்மா. பயந்துகிட்டு நான் மூடியத் திறக்கல.”

ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தோம். பின்னங்காலில் நூல் கட்டிய சின்ன அட்டை. ஆய்வாளர்களின் வழக்கம் இது என்று பிறகு அறிந்தேன்: வெளித்தாள் உரிந்து போகலாம் என்பதால் விவரத்தை விலங்கிலேயே கட்டிவிடுவார்கள். ஸ்பிரிட்டில் மை கரையும் என்பதால் பென்சில் எழுத்து. கூடவே உள்ளே வந்திருந்த முருகன் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். நாரோஜின் என்ற ஊர், தேதி, என் கணவரின் முதலெழுத்துகள். இனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

சுரண்டியெடுத்த தாளில் ஊர் எனக்கு நினைவில்லை, பெயர் நன்றாக நினைவிருக்கிறது. அதில் லத்தீன் பெயரை மையில் எழுதி, அடியில் அழுத்தமாக இரண்டு கோடு இழுத்திருந்தார். வீட்டிலும் அப்படித்தான், எந்த வாதத்திலும் “தெரியாது” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

படத்தை அங்கேயே நின்று பெர்த்துக்கு அனுப்பினேன். ஒப்பிட்டுப் பார்க்க நாளாகும் என்று பதில் வந்திருக்கிறது.

போக நினைப்பவர்கள் பள்ளி நாளில், தலைமையாசிரியரிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். திரும்பும் முன் பாலத்தைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங் போனால் மீன் நன்றாக இருக்கும். உங்கள் பழைய பள்ளியில் இப்படி ஜாடி இருந்தால் தயவுசெய்து கழுவச் சொல்லாதீர்கள்.

புது அட்டையில் விலங்கின் பெயராக என்ன எழுதலாம் என்று கஸ்தூரி கேட்டார். உள்ளே என் கணவர் எழுதியிருப்பதையே இப்போதைக்கு எழுதுங்கள், பென்சிலில், என்றேன்.