என் முதுகிலிருந்து எடுத்த செடில்

என் தங்கை விஜயகலாவின் புருஷன் அழகமுத்துவைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். கெட்டதாகப் பேசியவன் ஒரே ஒருவன். அது நான்தான், நாகலிங்கம்.

இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அழகமுத்து கத்தியால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மழை பிடித்து வேலை நின்றுவிட்டால் நாங்கள் கடைவீதிக்கு இறங்கிவிடுவோம். அவர் நாங்கள் குடியிருந்த லயத்திலேயே இருந்து பிள்ளைகளுக்குச் சிங்களப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். ஊசி என்றால் மட்டும் பயம். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் இவரும் சேர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"என்னா மச்சான், கத்திக்குப் பயமில்ல, இத்துனூண்டு ஊசிக்கா இப்படி?" என்று நான் கேலி பண்ணுவேன். எனக்கு அதில் ஒரு திமிர். மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் முதல் செடில் காவடி என்னுடையது. முதுகுத் தோலில் பன்னிரண்டு கொக்கியைக் குத்தி, கயிறு கட்டிப் பின்னால் இழுக்க இழுக்க, சிரித்துக்கொண்டே ஆடுவேன்.

2004இல் அவருக்குக் கால் வீங்கியது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இரண்டு கிட்னியும் பழுதாகிக்கொண்டு வருகிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நான் வேறு வைத்தியம் சொன்னேன்.

"மாத்திர ஒரு பக்கம் கெடக்கட்டும். ஆத்தாளுக்குச் செடில் குத்துறதா நேந்துக்குங்க. கிட்னி தன்னால சரியாயிரும்."

"எனக்கு அதெல்லாம் ஆகாது மச்சான்" என்றார். நான் விடவில்லை. ஊசிக்குப் பயந்து சாமியை ஏமாற்றுகிறார் என்று விஜயகலாவிடம் போட்டுக்கொடுத்தேன். அவள் அழுதாள். அவர் நேர்ந்துகொண்டார்.

கோயிலில் இருந்தது ஒரே ஒரு கட்டுச் செடில் கொக்கி. ஒருவர் ஆடி முடித்ததும் கழற்றி, தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் முக்கி, திருநீற்றைத் தேய்த்து அடுத்தவருக்குக் குத்துவார்கள். அடுத்த வருஷத் திருவிழாவில் பூசாரியிடம் நானே கேட்டுக்கொண்டேன்: "என் முதுகுல இருந்து எடுக்குறத நேரா எங்க மச்சானுக்குக் குத்துங்க. வேற யாருக்கும் போகக் கூடாது." அது ஒரு மரியாதை என்று நினைத்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்து நின்றார்.

2006இல் கிட்னி முழுக்க நின்றுபோனது. கொழும்பில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று அனுப்பினார்கள். போடுவதற்கு முன்னால் இரத்தத்தைச் சோதித்ததில் ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் கிருமி இருந்தது. கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின். அது ஒன்றே ஒன்றுதான். அதனால் வாரத்தில் இரண்டு தடவை கிடைக்க வேண்டியது அவருக்கு ஒரு தடவையானது. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அது இரத்தத்தாலும் வரும், பெண்களிடம் போவதாலும் வரும் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு அந்தப் பின்பாதி போதுமாக இருந்தது. லயத்து ஆட்கள் எல்லாரும் கேட்கக் கத்தினேன்.

"அவிசாவளை பஸ் ஸ்டாண்டுல எவகிட்ட போனீங்க?"

"சத்தியமா இல்ல மச்சான்."

"எங்கிட்டயே கத விடுறீங்களா?"

அன்றைக்கே தங்கையையும் இரண்டு பிள்ளைகளையும் லயத்தில் நான் குடியிருந்த காம்பராவுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. வாசலில் நின்று பிள்ளைகளின் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டு ஆட்களும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் கூப்பிட்டார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். "எனக்கும் பாருங்க மிஸ், எங்க ரத்தம் சுத்தமான ரத்தம்" என்றேன். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. தடுப்பூசி போட்டார்கள். என்னை மட்டும் நேர்ஸ் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒங்களுக்கு இருக்கு. சின்னப் புள்ளையிலேருந்தே இருந்திருக்கலாம். ஒங்கள ஒண்ணும் பண்ணாம உள்ள இருக்குது. ப்ளேடு, ஊசி, அப்படி ரத்தம் பட்ட சாமான் ஏதும் அவரோட பொதுவா பாவிச்சீங்களா?"

எனக்குச் செடில் ஞாபகம் வந்தது. "தேசிக்காய்த் தண்ணியில கழுவினா போயிராதா மிஸ்?"

"போகாது. மத்தவங்களுக்குப் பட்டாக்கூட அநேகமா ஒடம்பே அத வெரட்டிரும். கிட்னி பழுதானவங்க ஒடம்புக்கு அந்தச் சக்தி இல்ல."

வெளியே வந்ததும் விஜயகலா கேட்டாள். "ஒனக்கு என்னண்ணே சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வெட்கம்தான், வேறென்ன. லயமே கேட்கக் கத்திய வாயால் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று எட்டு மாதம் ஓடிப்போனது. செவ்வாய்க்கிழமை தோறும் அவர் தனியாக முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொழும்புக்குப் போவார். திரும்பி வந்து மலையேற முடியாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் தேத்தண்ணிக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். "புள்ளைங்க சாப்புடுதுங்களா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். நாய்கூட என்னைவிட மேல்.

அடுத்த திருவிழா வந்தது. கோயில் கூட்டத்தில் செடில் குத்துபவர்களின் பெயரை எழுதினார்கள். முதலில் என் பெயர். எனக்குப் பின்னால் ஏழு இளவட்டங்கள். அந்த ஏழு முதுகும் கண்ணுக்குள் வந்தன. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் இரத்தத்தில் இருப்பதை, என் முதுகிலிருந்து கழற்றியதை யாருக்குக் குத்தச் சொன்னேன் என்பதை, எனக்கு எப்போது தெரியும் என்பதை.

பெண்கள் பக்கத்திலிருந்து விஜயகலா எழுந்து வந்தாள்.

"ஊரான் வீட்டுப் புள்ளைங்களுக்குன்னதும் வாயத் தொறந்துட்ட. எம் புருசனுக்காக எட்டு மாசமா தொறக்கலியேண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய காம்பராவுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "மொதல்ல தேத்தண்ணி குடிங்க மச்சான்" என்றார். முகம் ஊதி, கண் மஞ்சளாக இருந்தது. கேட்க வந்ததைக் கேட்க முடியாமல், குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஐந்து மாதம் சேர்ந்து இருந்தார்கள். செப்டம்பரில் அவர் போய்விட்டார்.

புருஷன் செத்தால் கூடப் பிறந்தவன்தான் கோடிச் சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். ஸம்சுதீன் நானா துணிக்கடையில் இருந்ததிலேயே நல்ல வெள்ளைச் சேலையாக எடுத்துக்கொண்டு போனேன். சடங்கு செய்தவர், "கூடப் பொறந்தவங்க வாங்க" என்று கூப்பிட்டார். நான் முன்னால் போனேன்.

விஜயகலா தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லைங்க" என்றாள்.

பெரியப்பா மகன் வேலுசாமி யாரிடமோ ஒரு சேலையை வாங்கி வந்து அவளுக்குப் போட்டான். நான் பார்சலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.