அரணை என்று அவள் நம்பியது

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், புலம்பெயர்ந்து வந்த நாங்கள் ரூஜ் பள்ளத்தாக்குக் காட்டின் அருகே குடியிருந்தோம். மழை ஓய்ந்த காலைகளில் சலமாண்டர்களைத் தேடி அங்கே போவேன். பல்லியளவு உடல், முதுகில் செங்கோடு. நுரையீரலின்றி ஈரத் தோலால் மூச்சுவிடும் உயிர் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன்.

ஓர் ஆடியில், ஆறு மாதக் கர்ப்பிணியாக வந்து சேர்ந்த என் தங்கையையும் ஒருநாள் கூட்டிப்போனேன். அவளுடைய கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். உக்கிக் கிடந்த கட்டையொன்றில் அவள் வலக்கையை ஊன்றி உட்கார்ந்தபோது, வெடிப்புக்குள்ளிருந்து ஒன்று வெளிவந்து புறங்கையைக் கடந்து மறைந்தது.

"அக்கா, அரணை. நக்கிப்போட்டுது."

அரணை நக்கினால் மரணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"உது அரணை இல்லையடி. அரணையெண்டாலும் மறதிக்காரச் சீவன். நக்க வந்ததையே மறந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடியே வீடுவரை நடந்தாள்.

மறுநாள், பிள்ளை அசையவில்லை என்றாள். டொக்டரிடம் போனோம். அவர் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கருவியில் அவளுக்கே கேட்கச் செய்தார்.

"அது மிஷின்ர சத்தமக்கா," என்றாள் வெளியே வந்து.

சோற்றைக் கரண்டியால் உண்டாள். வலக்கை வயிற்றில் படாமல் பார்த்துக்கொண்டாள். புழுக்கம் மிகுந்த அந்த நாட்களில், வீட்டில் எல்லோரும் எதற்கோ செவிகொடுத்திருப்பது போலிருந்தது.

அரணைக்குள்ள செதில் இல்லாத அந்தத் தோலைக் கண்டால் தெளிவாள் என்று நம்பி, ஒரு வாரம் கழித்து மீண்டும் அழைத்துப்போனேன். அதே கட்டையின் பட்டையை விலக்கினேன். உள்ளே சிறு குழிவில், திராட்சைக் குலைபோல் முட்டைகள் தொங்கின. தாய் அவற்றைச் சுற்றி வளைந்து கிடந்தது. ஓடவில்லை, தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.

"நாங்கள் பாத்திட்டம். இனி விட்டிட்டுப் போயிடுமோ?"

"சிலது போகும்," என்றேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மூடுங்கோ அக்கா."

நான் குனியுமுன் அவளே மண்டியிட்டாள். பட்டையை, உடைந்த துணுக்குகளை, ஈர இலைகளை, அந்த வலக்கையாலேயே இருந்த இடங்களில் வைத்தாள். எழுந்தவள், மண் படிந்த கையை அறியாமல் வயிற்றில் வைத்து அசையாது நின்றாள்.

"என்னடி?"

"மெல்லக் கதையுங்கோ. இப்ப ஒருக்கா உதைச்சது."

ஐப்பசியில் அவளுக்கு மகள் பிறந்தாள். அதன் பின்னும் அந்தக் கட்டையைப் பலமுறை கடந்திருக்கிறோம். முட்டைகளோடு அந்தத் தாய் தங்கியதா, போய்விட்டதா என்று தங்கை கேட்டதில்லை. நானும் பட்டையை விலக்கிப் பார்த்ததில்லை.