யோகராசாவின் அரைப்பங்கு

செட்டிபாளையத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்ததும் தாயும் தகப்பனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டு வளவின் பின்பக்கத்துக் குடிலுக்குப் போய்விடுவார்கள். இளையவளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். இதைச் சட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் சட்டத்தை மீறுகிறவர்கள்கூட இதை மீற அஞ்சுவார்கள். சீதேவிப்பிள்ளையும் தன் தாய் கொடுத்த வீட்டை மூத்த மகள் புஸ்பத்துக்குக் கொடுத்துவிட்டு, புருசன் அருமைநாயகத்தோடு பின்வளவுக்குப் போனாள்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும்போது அருமைநாயகம் வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தார். மகள் பேரோடு மருமகன் பேரையும் சேர்க்கச் சொன்னார். மருமகன் யோகராசா தாய் தகப்பன், கூடப்பிறப்பு எவரும் இல்லாதவன். அவருடைய வயலில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

"ஒரு இடத்திலயும் பேரில்லாத பொடியன். இதிலயாவது கிடக்கட்டும்" என்றார்.

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "மறுகா கரைச்சல் வந்தா என்னக் குத்தம் சொல்லப்படா."

"கரைச்சல் வாறதுக்கு அவன் என்ன வீட்டத் தூக்கிட்டு ஓடவா போறான்?" என்று சீதேவிப்பிள்ளை சிரித்தாள். அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் யோகராசாவைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் அருமைநாயகமும் போய்ச் சேர்ந்தார். சீதேவிப்பிள்ளை மகளைக் கூட்டிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். புஸ்பத்துக்கு அந்த இடங்களில் வாய் எழும்பாது, பேசுவதெல்லாம் தாய்தான். கிராம அலுவலர் வினாயகமூர்த்தி மனு எழுதும்போது, "என்ட மருமகன் உசிரோட இரிக்கார், அத முதல் வரியில எழுதுங்க" என்று மேசையில் தட்டிச் சொல்லுவாள். புஸ்பத்தின் பொட்டைப் பற்றி ஒருத்தி ஏதோ முணுமுணுத்தபோது, இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனவளும் அவள்தான்.

எட்டு வருடம் போனது. இளையவள் அன்னப்பூரணிக்கு வந்தாறுமூலையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோரில் பியோன். அவனுடைய தாய் வந்து முற்றத்தையும் சுவரையும் சுற்றிப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு எந்த வீடு, மச்சாள்?"

வாவிக்கு அப்பால் இருந்த வயலுக்குச் சண்டையால் யாரும் போவதில்லை. நெல் வந்தால்தானே கல்லும் சீமெந்தும் வரும். "இந்த வீடுதான்" என்று சீதேவிப்பிள்ளை சொன்னாள். சொன்ன பிறகுதான் திரும்பினாள். தேத்தண்ணித் தட்டோடு புஸ்பம் பின்னால் நின்றாள்.

விருந்தாளிகள் போன பிறகு புஸ்பம் சுளகில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினாள். தாய் பக்கத்தில் குந்தினாள்.

"மகள், உனக்கெண்டு ஒரு பிள்ள குட்டி இல்ல. உனக்குப் புறகு இந்த வீடு ஆருக்கு?"

"தங்கச்சிக்குக் குடுக்க மாட்டன் எண்டு சொன்னனா?"

"உன்ட பாதிய நீ எழுதிக் குடுக்கலாம். அவர்ட பாதி இரிக்கே..."

"அவர் வந்து எழுதுவார்."

"வராட்டி?"

சுளகில் கை நின்றது. "இந்தச் சொல்ல நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே அம்மா."

மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் அவன் பாதி புஸ்பத்துக்கு வரும். அவனுக்கு வேறு உரித்தாளி இல்லை. சீதேவிப்பிள்ளை இதை நொத்தாரிசிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். அதையும் சொல்லி முடித்தாள். புஸ்பம் பொறுக்கிய கல்லை முற்றத்தில் எறிந்தாள்.

"நான் கையெழுத்து வைக்கிறன். வாயால சொல்லுறத நீங்களே சொல்லுங்க. எப்பவும் நீங்கதானே பேசின நீங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாய்க்குத் திருப்பி ஏசவாவது வழி இருந்திருக்கும்.

வினாயகமூர்த்தி இருவரையும் கண்டதும் பழக்கத்தில் மனுத்தாளை எடுத்தார். விசயத்தைக் கேட்டதும் அதை மெல்ல உள்ளே வைத்தார்.

"சீதேவியக்கா, இஞ்ச இருந்துதானே நீங்க..." என்று தொடங்கி, புஸ்பத்தின் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. கேக்கத்தான் வேணும். யோகராசா இறந்துட்டார் எண்டு நம்புறீங்களா?"

"நம்புறன்."

"விளங்கல்ல, அக்கா. கொஞ்சம் சத்தமா."

"நம்புறன் எண்டு சொல்றன்!"

வெளியே வாங்குப் பலகையில் பெண்கள் சிலர் இருந்தார்கள். பிள்ளையைத் தேடியும் புருசனைத் தேடியும் அவளோடு முகாம் வாசல்களில் வெயிலில் காய்ந்தவர்கள். அவள் வெளியே வந்தபோது எல்லாரும் கையில் இருந்த மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். சீதேவிப்பிள்ளை உட்காரவில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை. இறந்தான் என்பதற்கும் இல்லை. எட்டு வருடம் ஒன்றை நம்பியவள், வீடு தேவைப்பட்டதும் மற்றதை நம்பினாள். பொய் சொன்னோம் என்று நினைக்க முடிந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேசைக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்ன கணத்தில் அவள் உண்மையாகவே நம்பினாள். அவளைச் சுட்டது அதுதான்.

பத்திரம் வந்தது. வீடு அன்னப்பூரணி பேருக்கு மாறியது. புஸ்பம் தன் பெட்டியைப் பின்வளவுக் குடிலுக்குத் தூக்கி வந்து, தாயின் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்தாள்.

தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் வீடு நிறையச் சனம். தேங்காயும் பூவும் வைத்த தட்டத்தைப் புஸ்பம் உள்ளே இருந்து எடுத்து வந்தாள். குங்குமப் பொட்டு வழக்கம்போல இருந்தது. மாப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளையின் காதோரம் குனிந்தாள். குரலை மட்டும் தணிக்கவில்லை.

"குறை நினைக்காதங்க மச்சாள். நல்ல காரியம். மூத்த பிள்ளைட புருசனுக்கு மரணப் பத்திரமும் எடுத்தாச்சி எண்டு சொன்னாங்க. வேற ஆரையாவது தட்டம் தூக்கச் சொல்லுங்களன்."

கூட்டம் சீதேவிப்பிள்ளையைப் பார்த்தது. அவளுக்குச் சொல்ல ஒரு வசனம் இருந்தது. எட்டு வருடம் எல்லா மேசையிலும் தட்டித் தட்டிச் சொன்ன வசனம். அதை இப்போது சொன்னால் அந்த வீட்டுக்கு என்ன நியாயம்? பந்தலுக்குக் கீழே அன்னப்பூரணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"கீழ வை, மகள்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

தட்டத்தை வாங்கிக்கொள்ளவும் அவளால் முடியாது. அவளும் தாலி அறுத்தவள். புஸ்பம் குனிந்து, பூ சிந்தாமல் அதைப் பாயில் வைத்தாள். பிறகு கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுக்களைப் பக்கம் ஒதுங்கி நின்ற தாய்க்கு அருகில் வந்து நின்றாள். சீதேவிப்பிள்ளை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பொன் உருகி முடியும்வரை அவள் மகளின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.